ஒரு அடி மண் சுவர், ராத்திரியில் ஏன் சுடுகிறது?

மண்குடில்:
மண் வீடு என்றால் ஏசியே வேண்டாம் என்று எல்லாரும் சொன்னதை நம்பி 30 செ.மீ. கனத்தில் குழைமண் சுவர் வைத்தேன். பகல் முழுக்கக் குறையே இல்லை. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்தால் ஜுரக்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கிறது. உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டிவிடலாமா?

வெப்பக்கணக்கு:
ஒட்டாதீர்கள். கனமான சுவர் வேறு, இன்சுலேஷன் வேறு. பலரும் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். மண் வெப்பத்தைத் தடுக்காது, வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாகத் தரும், அவ்வளவுதான். உங்கள் சுவர் சதுர மீட்டருக்கு அரை டன் எடை வரும், அது கொள்கிற சூடு கொஞ்சநஞ்சமல்ல. தடுக்கிற திறன் என்று பார்த்தால் 2 செ.மீ. கண்ணாடிக் கம்பளிக்குக்கூட (கண்ணாடி இழையில் செய்த வெப்பத்தடுப்புப் பஞ்சு) ஈடாகாது. 30 செ.மீ. மண்ணைத் தாண்டி உள்ளே வர வெயிலுக்கு எட்டு, பத்து மணி நேரம் ஆகும், அதனால் மூணு மணி வெயில் நள்ளிரவில் உங்களிடம் வந்து சேர்கிறது. உள்ளே தெர்மோகோல் ஒட்டினால் அறைக்கும் மண்ணுக்கும் தொடர்பே அற்றுப்போகும், அப்புறம் இவ்வளவு மண்ணைக் குழைத்தது எதற்கு? தடுப்பு வெளியே, கனம் உள்ளே. மேற்குச் சுவருக்கு மட்டும் செய்தால் போதும்.

ஈரமண்:
வெளியே என்றாலும் தெர்மோகோலும் சிமெண்டும் ஆகாது. நான் சிமெண்ட் பூசிப் பட்டிருக்கிறேன். இரண்டாவது மழைக்காலத்தில் பூச்சு உப்பி, தட்டினால் டொப் டொப் என்று சத்தம், பெயர்த்தால் உள்ளே மண் பிசைந்த மாவாட்டம். மண் சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழி வேண்டும். களிமண் கரைசலில் வைக்கோலை நனைத்து 10 செ.மீ. கட்டி, மேலே சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

வெப்பக்கணக்கு:
சரிதான். இன்னொன்று, பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் நிறைய இருந்தால்தான் மண்ணின் கனம் வேலை செய்யும். இரவும் புழுக்கமாகவே இருக்கிற இடத்தில் சுவர் ஆறவே ஆறாது. உங்கள் பக்கம் இரவில் குளிருமா? ஜன்னலை எப்போது திறக்கிறீர்கள்?

மண்குடில்:
விடியற்காலையில் நன்றாகவே குளிரும். கொசுவுக்குப் பயந்து ராத்திரி ஜன்னலை மூடிவிட்டு, காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறேன். அப்போ தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறேனா?

ஈரமண்:
அதேதான். முதலில் கொசுவலை அடியுங்கள், வைக்கோலைப் பிறகு பார்க்கலாம்.