தாமிரபரணிக் களப்பயணம்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

அறிவியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம் வட்டாரம்:

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 40 பேரைத் தாமிரபரணிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் தொடங்கிவிடுவதால், ஊருக்கு அருகிலுள்ள படித்துறை ஒன்றையே தேர்ந்துகொண்டேன். சென்ற ஆண்டு நீர்நாயைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப் போய், மூன்று மணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் தென்படாமல் பிள்ளைகள் முகம் வாடித் திரும்பினார்கள். இம்முறை எதைக் காட்டலாம்?

ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்:

40 பிள்ளைகளின் சலசலப்பைக் கேட்டபின் எந்த நீர்நாயும் அந்தப் பக்கம் தலைகாட்டாது, அம்மா. கல்லுக்கடியில் இருப்பதைக் காட்டுங்கள். கணுக்கால் அளவு நீரோடும் கூழாங்கல் பரப்பில், ஒருவர் கொசுவலைத் துணியை நீரோட்டத்துக்கு எதிராக விரித்துப் பிடிக்க, அதற்குச் சற்று முன்னே, நீர் வரும் பக்கத்தில், இன்னொருவர் கற்களைக் காலால் கிளறினால், அடியில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்கள் அடித்து வரப்பட்டுத் துணியில் சேரும். அவற்றை வெள்ளைத் தட்டில் நீருடன் விட்டுக் கைலென்ஸால் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று வால் இழைகளுடனும், வயிற்றின் இருபுறமும் துடிக்கும் செவுள்களுடனும் இருப்பது மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம். அதன் பல இனங்கள் உயிர்வளி குறைந்த அழுக்கு நீரில் தாக்குப்பிடிப்பதில்லை. சாக்கடை கலக்குமிடத்துச் சேற்றிலோ ஒருவகைச் சிற்றீயின் இளம்பருவமான இரத்தப்புழுக்களே மிகுந்திருக்கும். அவற்றின் செந்நிறத்துக்குக் காரணம் நம் குருதியில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின்தான். அந்தச் சேற்றை மட்டும் கையுறை அணிந்து நீங்களே எடுத்து வாருங்கள். இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துவிட்டால், ஆற்றின் நலம் பற்றி நீங்கள் தனியாக விளக்க வேண்டியிராது.

பறவை நோக்குபவர், திருநெல்வேலி:

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நீர்நாயை அடியோடு கைவிட வேண்டாம். கரையோரப் பாறைகளில் மீன் செதிலும் நண்டோட்டுத் துண்டும் கலந்த எச்சம் கிடந்தால் அது நீர்நாயுடையதாக இருக்கலாம். கையால் தொடாமல் குச்சியால் கிளறிப் பார்த்தாலே அது என்ன தின்றது என்று தெரிந்துவிடும். கருவெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாய்வதையும், மூழ்கி எழுந்த நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துவதையும் காண, வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது.

அறிவியல் ஆசிரியை:

மிக்க நன்றி. பிடிபடும் மீன்களைப் பள்ளித் தொட்டிக்குக் கொண்டுவரலாமா?

ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்:

வேண்டாம், பார்த்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், புரட்டிய கல்லையும் பழையபடி வையுங்கள். ஜிலேபிக் கெண்டை சிக்கினால் அதன் கதையைச் சொல்லலாம்: ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, முட்டைகளைத் தாய் வாயிலேயே வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெருமளவில் பிழைத்துவிடுகின்றன. இன்னொன்று, மழையே பெய்யாவிட்டாலும் அணையில் நீர் திறந்தால் ஆற்றுமட்டம் சட்டென்று உயரும். ஆகவே முந்தைய நாளே நீர்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, அன்று காலை படித்துறையில் குளிக்க வருபவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.