புகையே இல்லாததற்குப் ‘புகையூட்டல்’ எதற்கு?

அன்புள்ள நண்பர்களுக்கு,

குடோனில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வண்டைக் கொல்ல அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூடும் வேலைக்கு (ஆங்கிலத்தில் fumigation), அகராதியில் இருக்கும் ‘புகையூட்டல்’ போதும் என்கிறீர்கள். எச்சரிக்கைப் பலகைக்கு அது ஆகாது என்பது என் எண்ணம்.

குமரி மாவட்டத்தில் புகை போடுவது என்றால் வாழைக்குலை பழுக்க வைப்பதுதான் நினைவுக்கு வரும். திறந்ததும் கண் கரிக்கும், தள்ளி நிற்போம், புகை அடங்கியதும் குலையை வெளியே எடுப்போம். புகை தெரியாவிட்டால் பயமில்லை என்று கண் பழகிவிட்டது. அலுமினியம் பாஸ்பைடிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவுக்கோ நிறமே கிடையாது. மூன்று கிராம் மாத்திரை ஒன்று காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு ஒரு கிராம் பாஸ்பீனை வெளியே விடும்; மிஞ்சுவது சாம்பல்நிறப் பொடி. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. பூண்டு வாடை வரும் என்பார்கள், அதையும் நம்ப முடியாது. வாடையே தெரியாமலும் வாயு இருக்கும். உடம்புக்குள் போய்விட்டால் அதற்கென்று முறிமருந்து கிடையாது.

நாகர்கோவில் பக்கம் என் மாமா அரிசிக்கடை வைத்திருந்தார். வண்டு விழுந்தது என்று யாரோ கொடுத்த மாத்திரையை மூட்டைகளுக்கிடையே வைத்து, தார்ப்பாயால் மூடிக் கதவையும் சாத்தினார். குறைந்தது ஐந்து நாள் மூடிவைக்க வேண்டியது. மறுநாள் காலையில் ஒரு மூட்டை எடுக்கக் கடைப்பையன் உள்ளே போய்விட்டான். வாந்தி, தலைவலி, நெஞ்சடைப்பு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். “புகை ஒண்ணும் காணல்லியே அண்ணாச்சி, அதான் போனேன்” என்றான். அந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை.

மாமா கைக்கு அந்த மாத்திரை வந்திருக்கவே கூடாது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது. அரசு, அரசு நிறுவனங்கள், அங்கீகாரம் பெற்ற வல்லுநரின் மேற்பார்வையில் வேலை செய்யும் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோருக்கு மட்டுமே இதை விற்கலாம். பத்து, இருபது மாத்திரை அடைத்த சின்னக் குழாய்களுக்கு முழுத் தடையே உண்டு. ஆனால் கடைத்தெருவில் இதற்குப் பெயர் ‘மருந்து’. மருந்து என்று கேட்டால் யாருக்குப் பயம் வரும்?

சரி, மாற்று என்ன? ‘வளிநஞ்சு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி சரிதான். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் வளி என்றால் வயிற்றிலிருந்து பிரியும் காற்று. பலகையைப் பார்த்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பு வந்த இடத்தில் எச்சரிக்கை நிற்காது. ‘ஆவிநஞ்சு’ என்றால் சளிக்கு ஆவி பிடிப்பது ஞாபகம் வரும். ‘தூமம்’ என்றாலும் புகைதான்.

நான் முன்வைப்பது ‘காற்றுநஞ்சு’. பொருளுக்குக் காற்றுநஞ்சு, வேலைக்குக் காற்றுநஞ்சு அடைப்பு. பலகையில் “காற்றுநஞ்சு அடைத்திருக்கிறது, உள்ளே போகாதீர்கள்” என்று எழுதலாம். மூட்டை தூக்கும் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “காத்தே நஞ்சா? அப்போ பக்கத்திலயே போகப்பிடாதே” என்றார். புகையூட்டல் என்றபோது அவர் ஊதுபத்தியா என்று கேட்டிருந்தார்.

அப்புறம், அடைப்பு முடிந்து கதவுகளைத் திறந்து வாயு வெளியேறக் காத்திருக்கும் கட்டத்துக்கும் சொல் வேண்டும். ‘காற்றாட விடுதல்’ என்று பேச்சில் உண்டு. ஆனால் காற்று நல்லது என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. ‘நஞ்சு நீங்கு நேரம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? மண்டிகளில் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.