எஸ்லிங்கன் சுவர்ப்பல்லிகள்: எண்ணிக்கை இவ்வளவு ஏறி இறங்குமா? பச்சை முதுகோடு இருப்பது எது?

நெக்கர்க்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியின் எஸ்லிங்கன் ஊரில் நெக்கர் ஆற்றுக்கு மேலே படிப்படியாகப் போகும் திராட்சைத் தோட்டங்களில், சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய பழைய சுவர்கள் இருக்கின்றன. அதில் வெயில் காயும் சுவர்ப்பல்லிகளை (போடார்சிஸ் முராலிஸ்) போன வருடத்திலிருந்து ஒரே பாதையில் நடந்து எண்ணி எழுதி வருகிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு சுவரில் முப்பதுக்கு மேல் இருந்தன, ஜூலையில் அதே சுவரில் நாலைந்துதான். செத்துவிட்டனவா, இடம் மாறிவிட்டனவா? இன்னொன்று, மேல் தோட்டத்தில் சில பல்லிகளுக்கு முதுகு நல்ல பச்சை, மேலே கறுப்பு வலை போட்டது மாதிரி இருக்கிறது. வேறு இனமா? அப்புறம், பக்கத்துச் சுவர் ஒன்றில் யாரோ இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அங்கே ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கல்லிடுக்கு:
ஜூலையில் எத்தனை மணிக்குப் போனீர்கள்? அதுதான் முக்கியம். இவற்றுக்கு உடம்புச் சூடு 33 டிகிரி வாக்கில் இருந்தால் போதும். ஏப்ரலில் அந்தச் சூடு ஏறுவதற்கே காலை முழுக்கக் கல்லில் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும், அதனால் எல்லாம் வெளியே தெரியும். ஜூலை மதியம் தெற்குப் பார்த்த சுவர் கை வைக்க முடியாமல் கொதிக்கும், எல்லாம் உள்ளே போய்விடும், காலையில் சீக்கிரமும் சாயங்காலமும்தான் தலை காட்டும். நீங்கள் எண்ணியது சுவரில் இருக்கும் பல்லிகளை அல்ல, அந்த நேரத்தில் வெளியே இருந்தவற்றை. அதனால் நேரம், வெப்பம், மேகம், காற்று எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறியுங்கள், ஒன்றும் பார்க்காத நாளையும் விடாமல் எழுதுங்கள். நடக்கும்போது உங்கள் நிழல் சுவரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிழல் பட்டதுமே இடுக்குக்குள் பாய்ந்துவிடும், நீங்கள் பார்க்கும் முன்பே பாதி போயிருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் குஞ்சுகள் வரும், அவற்றைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் கூட்டம் பெருகிவிட்டது போலத் தோன்றும்.

பாசல்மலர்:
பச்சை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் மணல்பல்லி (லாசெர்டா அஜிலிஸ்) இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் ஆணுக்கு வசந்தகாலத்தில் விலா பச்சையாகும், ஆனால் முதுகின் நடுவே பழுப்புதான். உடம்பு தடிமன், தலை கட்டை, செங்குத்துச் சுவரில் அதிகம் ஏறாது, கீழே புல்லோரம் இருக்கும். நீங்கள் சொல்வது போல முதுகே பச்சை, கறுப்பு வலை, தட்டையான உடம்பு என்றால் அதுவும் முராலிஸ்தான், ஆனால் மத்திய இத்தாலியின் மரபுவழியைச் சேர்ந்தது. அங்கே ரோமைச் சுற்றி அந்த நிறம் சாதாரணம், ஆண்களுக்குத் தலை பெரிது, சண்டைக்கும் முந்தும். ஜெர்மனியில் பல ஊர்களில் இப்படி வெளியிலிருந்து வந்த கூட்டங்கள் இருக்கின்றன. தொண்டை நிறத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு மூன்றும் ஒரே கூட்டத்திலேயே வரும். ஒன்று மட்டும் கவனம்: பழுப்பாக இருப்பதெல்லாம் உள்ளூர் என்று எழுதிவிடாதீர்கள், ஆல்ப்ஸின் தெற்குச் சரிவிலிருந்து வந்தவையும் பெரும்பாலும் பழுப்புதான், டிஎன்ஏ பார்க்காமல் பிரிக்க முடியாது.

மோசல்காரன்:
ஒரே இனம்தானே, வெளியிலிருந்து வந்தது உள்ளூர்ப் பல்லியோடு கலந்தால் என்ன குறைந்துவிடும்? ஸ்டுட்கார்ட்டில் ரயில் திட்டத்துக்காகப் பல்லிகளை ஆயிரக்கணக்கில் பிடித்து இடம் மாற்ற வேண்டியிருந்தது. பல்லி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது இருக்கச் சுவர் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை.

பாசல்மலர்:
சுவர் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் "என்ன குறையும்" என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை அண்ணா. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் குளிரில் தாக்குப்பிடித்த மரபுவழி ஒன்று சில தலைமுறைகளில் கலந்து கரைந்துவிடும். இனமே வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு குரோவேஷியா இருக்கிறது. 1971இல் பொட் ம்ர்சாரு என்ற சின்னத் தீவில் இத்தாலியச் சுவர்ப்பல்லி (போடார்சிஸ் சிகுலஸ்) 5 ஜோடியை விட்டார்கள். முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தீவு முழுக்க அதுதான், ஏற்கெனவே அங்கே இருந்த வேறு பல்லி இனத்தைக் காணோம். புதிதாக வந்தவை இலை தழை தின்னப் பழகி, தலை பெருத்து, குடலில் புதிதாக மடிப்புகூட உருவாகியிருந்தது. பத்தே பத்து பல்லி போதும், அவ்வளவுதான் சொல்ல வருகிறேன்.

நெக்கர்க்கரை:
ரொம்ப நன்றி. ஜூலையில் வேலை முடிந்து மதிய நேரத்தில்தான் போனேன், இனி காலையில் போகிறேன். பச்சையானவை சுவரின் உச்சிக் கல்லில்தான் எப்போதும் இருக்கின்றன, பழுப்பு ஆண் ஒன்று ஏறி வந்தபோது பச்சை தலையைத் தாழ்த்தித் தொண்டையை உப்பியது, பழுப்பு வந்த வழியே திரும்பிவிட்டது. பிடித்து வயிற்றுப் பக்கம் படம் எடுக்கலாமா?

கல்லிடுக்கு:
பிடிக்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிட ஆணையில் 4ஆம் இணைப்பில் (கண்டிப்பாகப் பாதுகாக்க வேண்டிய இனங்களின் பட்டியல்) இருக்கும் இனம், அனுமதி இல்லாமல் பிடித்தாலே குற்றம். பக்கவாட்டிலும் மேலிருந்தும் ஜூம் போட்டு எடுங்கள், முதுகுக் கோலத்தை வைத்தே பலவற்றை அடையாளம் காணலாம். அந்த சிமெண்ட் சுவரை மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் படத்தோடு எழுதுங்கள், வாழிடத்தை அழிப்பதும் அதே சட்டத்தில் வரும். மற்ற சுவர்களிலும் பூசப்போகிறார்களா என்று கேட்டு, அக்டோபருக்குள் சொல்லிவிடுங்கள். குளிர் வந்தால் எல்லாம் இடுக்கின் ஆழத்துக்குப் போய்ப் படுத்துவிடும், அப்போது பூசினால் வெளியே வர வழியிருக்காது.