குழந்தை வேண்டுமா வேண்டாமா, முடிவெடுத்தவர்கள் கொஞ்சம் பேசுங்களேன்

எனக்கு 33 வயது. குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று நானும் கணவரும் இரண்டு வருடமாகப் பேசுகிறோம், ஒவ்வொரு முறையும் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. பணமோ உடம்போ காரணமில்லை, பருவநிலை மாற்றம்தான்.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் உலக நாடுகள், பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உயர்வதை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்றார்கள், 2024ஆம் ஆண்டின் சராசரியே அதைத் தாண்டிவிட்டது (ஒரு வருடத்தை வைத்து ஒப்பந்தம் தோற்றதாகச் சொல்ல முடியாது, நீண்டகாலச் சராசரிதான் கணக்கு, அது தெரியும்). ஆனால் அந்த வெப்பநிலை வரைபடங்கள் போய் முடிகிற 2100இல், இப்போது பிறக்கிற குழந்தைக்கு எழுபது சொச்சம் வயதுதான் ஆகியிருக்கும். அதை நினைத்தால் தூக்கம் போகிறது.

வளர்ந்த நாடுகளில் ஒரு குழந்தையைத் தவிர்த்தால் வருடத்துக்கு 58.6 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் புகை மிச்சம் என்று 2017இல் வந்த ஆய்வையும் படித்தேன். பிறக்காத பேரன் பேத்திகளின் புகையையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது, எனக்கு ஒப்பவில்லை. என் பயம் வேறு: தெரிந்தேதானே பெற்றாய் என்று நாளைக்குப் பிள்ளை கேட்டால்?

போன வாரம் தங்கையின் நான்கு மாதக் குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது. கை மரத்துப்போன பிறகும் விரலை எடுக்க மனசு வரவில்லை.

பஞ்சத்திலும் போரிலும்கூடப் பிள்ளைகள் பிறந்தார்களே என்கிறார் கணவர். அதற்கும் என்னிடம் பதிலில்லை.

இதே குழப்பத்தில் இருந்து பெற்றுக்கொண்டவர்கள், வேண்டாம் என்று நின்றவர்கள், தத்தெடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எது உங்களை முடிவெடுக்க வைத்தது? அப்புறம், முடிவெடுத்த பிறகு அந்தப் பயம் குறைந்ததா, அப்படியே இருக்கிறதா?