கச்சேரி வரலாறா, கச்சேரியடைவா? ஒரு சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு வந்த மறுமொழிகளை எல்லாம் நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன். எல்லோருக்கும் நன்றி. இடையில் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்லிவிடுகிறேன். ஓர் இசைக்கலைஞர் எந்த நாளில், எந்த ஊரில், எந்த மண்டபத்தில், யாரோடு சேர்ந்து, என்னென்ன வாசித்தார் என்பதை ஒன்று விடாமல் திரட்டி வைத்தால், அந்தத் தொகுப்புக்குத் தமிழில் என்ன பெயர்? நூல்களுக்கு நூலடைவு இருக்கிறது. கச்சேரிகளுக்கு?

நான் பியானோ சொல்லிக்கொடுப்பவள். என் மாணவர்களுக்காக ரஷ்யப் பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான செர்கேய் ரக்மானினோவின் கச்சேரிகளைத் தமிழில் அட்டவணையாக்கிக்கொண்டிருக்கிறேன். தன் கச்சேரிகளை வானொலியில் ஒலிபரப்ப அவர் சம்மதிக்கவில்லை. ஸ்டூடியோவில் பதிவு செய்த இசைத்தட்டுகள் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் மேடையில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் காகிதம்தான் சாட்சி: அவர் மனைவி வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்த ஆவணங்கள், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் கார்னகி ஹால் அரங்கமும் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் பழைய நிகழ்ச்சி விவரங்கள், அந்தந்த ஊர் நாளிதழ்கள், கடிதங்கள். இவற்றிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து எழுதும்போதுதான், அட்டவணைக்கு மேலே என்ன தலைப்பு வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

> 'கச்சேரி வரலாறு' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் வரலாறு என்றால் கதைபோலச் சொல்லிக்கொண்டு போவது. 1917 டிசம்பரில் ரக்மானினோவ் ரஷ்யாவை விட்டுக் கிளம்பியது, ஸ்காண்டிநேவியாவில் கச்சேரி செய்து பிழைத்தது, கப்பலேறி 1918 நவம்பர் 10 அன்று நியூயார்க்கில் இறங்கியது, மறுநாளே முதல் உலகப்போர் முடிந்தது: இது வரலாறு. '1918 டிசம்பர் 8, பிராவிடன்ஸ், ரோட் ஐலண்ட்' என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி. அவருக்கு முந்தைய தலைமுறையில் அன்டன் ரூபின்ஸ்டீன் 1872-73இல் அமெரிக்காவில் 239 நாட்களில் 215 கச்சேரி செய்தார். அதை வரலாறாக எழுதினால் நாலு பத்தியில் முடிந்துவிடும். நான் கேட்பது 215 வரிகளாக விரியும் தொகுப்புக்கான பெயரை.

> 'நிகழ்ச்சிநிரல் தொகுப்பு' சரியாக இருக்கும். அச்சடித்துக் கொடுத்த நிரல்களைத்தானே திரட்டுகிறீர்கள்?

இதை நான் கிட்டத்தட்ட ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஒரு கடிதம் குறுக்கே வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த விவாதம் முழுவதுமே அதில்தான் இருக்கிறது.

கொரெல்லியின் பெயரில் அறியப்படும் ஒரு பழைய மெட்டை எடுத்து, நாம் சங்கதி போடுவதுபோல அதை 20 விதமாக மாற்றி, 1931இல் ஒரு பியானோப் படைப்பு எழுதினார் ரக்மானினோவ். அந்த ஆண்டு அக்டோபர் 12 அன்று மான்ட்ரியாலில் முதன்முதலாக வாசித்தார். பிறகு ஊர் ஊராக வாசித்தார். டிசம்பரில் தன் நண்பரும் சக பியானோக் கலைஞருமான நிகொலாய் மெட்னருக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றைச் சொல்கிறார்: இந்தப் படைப்பை ஒருமுறைகூட முழுதாக வாசிக்கவில்லையாம். அரங்கத்தில் இருமல் அதிகமானால் அடுத்த சங்கதியைத் தாண்டிப் போய்விடுவாராம். ஏதோ ஒரு சிறிய ஊரில் இருமல் அவ்வளவு பலமாக இருந்ததால் 20இல் 10 மட்டுமே வாசித்தாராம். நியூயார்க்கில் 18 வரை போனதுதான் உச்சம்.

அந்தச் சிறிய ஊரின் நிரலில் படைப்பின் பெயர் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து நாம் 'வாசித்தார்' என்று எழுதினால் பாதி தவறு. நிரல் என்பது வாக்குறுதி. வாசித்தது வேறு.

இந்த இடைவெளி வேறு இடங்களிலும் வருகிறது. சி ஷார்ப் மைனர் ப்ரிலூட் என்ற சிறிய பியானோப் படைப்பை அவர் தன் 19ஆம் வயதில் எழுதினார். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பதை ரசிகர்கள் கடைசிவரை விடவில்லை. நிரல் முடிந்த பிறகு கைதட்டிக் கைதட்டி அதை வாசிக்க வைத்திருக்கிறார்கள். இது அச்சடித்த தாளில் இருக்காது, மறுநாள் நாளிதழில் விமர்சகர் எழுதியிருந்தால் உண்டு. இதற்கு நேர் எதிரானது 1943. பிப்ரவரி 17 அன்று டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் வாசித்ததுதான் அவருடைய கடைசிக் கச்சேரி. அதற்குப் பின்னும் தெற்கே கச்சேரிகள் ஒப்புக்கொண்டிருந்தார். உடல்நிலை மோசமாகி அவை ரத்தாயின. மார்ச் 28 அன்று காலமானார். முன்கூட்டி வெளியான அறிவிப்பை மட்டும் நம்பினால், நடக்காத கச்சேரிகளையும் சேர்த்துவிடுவோம்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் அறிவிப்பையும் நிரலையும் குறிக்கக்கூடாது, வாசித்ததைக் குறிக்க வேண்டும். என் பரிந்துரை கச்சேரியடைவு. நூலடைவு, சொல்லடைவு (நூலில் வரும் சொற்களின் அட்டவணை) போல.

கூடவே சில துணைச்சொற்களும் தேவைப்படுகின்றன.

வாசித்த ஒவ்வொரு படைப்பையும் உருப்படி என்று சொல்லலாம். கச்சேரியிலும் பரதநாட்டியத்திலும் நாம் அன்றாடம் சொல்வதுதான். நிரலுக்கு மேல் ரசிகர் கேட்டு வாசித்தது கூடுதல் உருப்படி. ஒரு நண்பர் துக்கடா என்றார். துக்கடா என்பது கச்சேரியின் கடைசியில் வரும் சிறு உருப்படிகள், திட்டத்திலேயே உள்ள பகுதி. பாடகர் முன்பே எண்ணி வைத்திருப்பார். ஒன்ஸ்மோர் என்றால் பாடியதையே திரும்பப் பாடுவது. இரண்டும் இங்கே பொருந்தவில்லை.

ஒரு படைப்பு முதன்முறை மேடையேறுவதற்கு அரங்கேற்றம் என்பதே சரி என்று உறுதியாக நினைக்கிறேன். இப்போது அது ஆடுபவரின், பாடுபவரின் முதல் மேடைக்கு உரியதாகிவிட்டது. ஆனால் கம்பர் திருவரங்கத்தில் அரங்கேற்றியது தன்னை அல்ல, நூலை. பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு பியானோ கான்செர்ட்டோ. ரக்மானினோவின் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவின் அரங்கேற்றம் 1909 நவம்பர் 28, நியூயார்க்கின் நியூ தியேட்டர், இசைக்குழுவை நடத்தியவர் வால்டர் டாம்ரோஷ் என்று எழுதினால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! (இரண்டு மாதத்துக்குள், 1910 ஜனவரி 16 அன்று, கார்னகி ஹாலில் அதே கான்செர்ட்டோவுக்கு இசைக்குழுவை நடத்தியவர் பெரும் இசையமைப்பாளரான குஸ்டாவ் மாலர். இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுதிய அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.)

சிக்கல் இரண்டாவது கான்செர்ட்டோவில். 1900 டிசம்பரில் மாஸ்கோவில் அதன் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை மட்டும் வாசித்தார். முதல் பகுதி அப்போது எழுதி முடியவில்லை. முழுப் படைப்பும் 1901இல்தான் மேடையேறியது. முன்னதைப் பகுதி அரங்கேற்றம் என்று சொல்லலாமா?

நாள் குறிப்பதில் ஒரு எச்சரிக்கை. ரஷ்யா 1918 பிப்ரவரி வரை பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. 1901 அரங்கேற்றம் ரஷ்யக் கணக்கில் அக்டோபர் 27, நம் கணக்கில் நவம்பர் 9. இருபதாம் நூற்றாண்டில் வேறுபாடு 13 நாள், அதற்கு முன் 12 நாள். இசைக்குழுவுக்காக அவர் எழுதிய முதல் சிம்பொனி பீட்டர்ஸ்பர்க்கில் தோல்வி கண்ட நாள் சில நூல்களில் 1897 மார்ச் 15 என்றும் சிலவற்றில் 27 என்றும் இருப்பது இதனால்தான். இரண்டும் ஒரே மாலைதான். அட்டவணையில் பழைய நாள், புதிய நாள் என்று இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

அன்பின் தங்கைக்கு,

உங்கள் மடலை இரண்டு தரம் வாசித்தேன். நிரலுக்கும் வாசித்ததற்கும் இடையே நீங்கள் காட்டிய வேறுபாடு சரியானது. ஆனால் 'கச்சேரியடைவு' எங்கள் பக்கத்தில் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாவட்ட நிர்வாகத்தைப் பார்க்கும் அரசாங்க அதிபரின் அலுவலகம். காணி விடயம், கடிதம், கையொப்பம் எல்லாவற்றுக்கும் கச்சேரிக்குத்தான் போவோம். இசைக் கச்சேரி என்ற பாவனையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடைவு? நகையை அடைவு வைப்பது, அடைவு மீட்பது என்றுதான் நாங்கள் கதைப்பது. உங்கள் அடகுக்குச் சமமான சொல். இரண்டையும் சேர்த்தால் இங்கே ஒருவருக்கும் பியானோ நினைவுக்கு வராது.

இன்னொரு விடயம். கச்சேரி என்ற சொல்லோடு ஒரு மேடை அமைப்பும் கூடவே வருகிறது: நடுவில் பாடகர், பக்கத்தில் வயலின், மிருதங்கம். ரக்மானினோவ் தனியே இருந்து வாசித்ததும், முழு இசைக்குழுவோடு கான்செர்ட்டோ வாசித்ததும், தானே இசைக்குழுவை நடத்தியதும் ஆக மூன்று வகை உண்டல்லவா? எல்லாவற்றையும் கச்சேரி என்று அடக்கினால் வகை மறைந்துவிடும்.

எங்கள் நாடகத்துறையில் நீண்ட காலமாக ஆற்றுகை என்ற சொல்லைப் பாவிக்கிறோம். ஆற்றுகைக் கலைகள், ஆற்றுகையாளர் என்பன பாடநூல்களிலும் உள்ளன. செய்து முடித்ததைச் சொல்லும் சொல் அது. பத்துச் சங்கதி வாசித்தால் ஆற்றுகை பத்துத்தான். நிரலில் என்ன இருந்தது என்பது அதற்குத் தேவையில்லை. யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் மெட்னரைக் குறிப்பிட்டதால் ஒரு செய்தி. 1940களின் இறுதியில் லண்டனில் அவருடைய படைப்புகளை இசைத்தட்டாக்கப் பணம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார். மெட்னர் தன் மூன்றாவது கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். அதே உடையார் 1964இல் சென்னை மாநில ஆளுநராக வந்தார். கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவரும்கூட. உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள், அவர்கள் மகிழ்வார்கள்.

*

அக்கா,

உடையார் செய்தியை இன்று வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். மெட்னரை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். மிக்க நன்றி.

ஆற்றுகை பற்றி இரண்டு நாள் யோசித்தேன். தமிழ்நாட்டில் நாங்கள் நிகழ்த்துகை, நிகழ்த்துகலை என்று சொல்கிறோம். முதலில் அதையே வைக்கலாம் என்று தோன்றியது. ஆனால் நிகழ்ச்சி, நிகழ்வு, நிகழ்ச்சிநிரல் எல்லாம் ஒரே வேரில் இருப்பதால், நாம் பிரிக்க நினைத்த இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. ஆற்றுகையில் அந்தக் குழப்பம் இல்லை. உரையாற்றினார், பணியாற்றினார் என்று இங்கேயும் தினமும் சொல்கிறோம். ஆகவே அந்நியமாக இருக்காது. மூன்று வகையையும் தனி ஆற்றுகை, இசைக்குழுவோடு ஆற்றுகை, நடத்திய ஆற்றுகை என்று பிரித்துவிடலாம். ஏற்றுக்கொள்கிறேன்.

அடைவை மட்டும் விட மனமில்லை. தனியாக நின்றால் அடைவு உங்களுக்கு அடகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லடைவு என்ற சொல்லில் அந்தப் பொருள் வருவதில்லை. சங்க இலக்கியச் சொல்லடைவைத் திறக்கிறவர் யாரும் நகையை நினைப்பதில்லை. முன்னால் வரும் சொல் பொருளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. எனவே ஆற்றுகையடைவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை. பேசும்போது மாணவர்களோடு கச்சேரி என்றே சொல்வேன், தலைப்பில் ஆற்றுகையடைவு.

பகுதி அரங்கேற்றம் பற்றி யாரும் மறுக்காததால் அதையும் எழுதிக்கொள்கிறேன். திருத்தி எழுதிய படைப்புகளுக்கு அரங்கேற்றம் என்பதை வடிவம் வாரியாகத் தருகிறேன். நான்காவது கான்செர்ட்டோ 1927இல் பிலடெல்பியாவில் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி இசைக்குழுவை நடத்த அரங்கேறியது. திருத்திய வடிவம் 1941இல் அதே ஊரில், யூஜின் ஆர்மண்டி நடத்த. ஒரே எண், இரண்டு வடிவம், இரண்டு அரங்கேற்றம்.

இன்னும் ஒரு சொல் தேவை. இருமல் நிறைந்த அந்தச் சிறிய ஊர் எது என்று ரக்மானினோவே கடிதத்தில் சொல்லவில்லை, தனக்கு நினைவில்லை என்கிறார். ஆனால் அங்கே 10 சங்கதி வாசித்தது நடந்த ஒன்று, அவரே எழுதியிருக்கிறார். ஊரும் நாளும் இல்லை என்பதற்காக அந்த வரியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நாள் வரிசையில் அதற்கு இடமும் இல்லை. 1931 அக்டோபர் 12க்கும் கடிதம் எழுதிய டிசம்பர் 21க்கும் நடுவே எங்கோ இருக்க வேண்டும். இப்போதைக்கு 'நாளறியா ஆற்றுகை' என்று எழுதி, அந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் தனி வரியாக வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். திங்கள் காலை மாணவர்களுக்கு அச்செடுத்துக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்.