ருபெல்லா ஐஜிஜி: ஒரே ரத்தத்துக்கு இரண்டு ரிசல்ட் வந்தவர்கள் உண்டா?

மழைத்துளி:
குழந்தைக்குத் திட்டமிடும் முன் ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) டெஸ்ட் எடுத்தேன். ஐஜிஜி (நோய்க்கு எதிராக ரத்தத்தில் நிலைத்திருக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) 8, எதிர்ப்புச் சக்தி இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்து வேறு லேபில் 17, உண்டு என்றார்கள். இடையில் ஊசியும் போடவில்லை, காய்ச்சலும் வரவில்லை. இரண்டு தாளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அலகு ஒன்றுதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றேதான். எல்லையும் இரண்டிலும் 10. அந்த 8 இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

லேப் அக்கா:
ஒரே சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதி) இரண்டு மெஷினில் ஓட்டியிருக்கிறேன். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு காட்டியது. டெஸ்ட் கிட்கள் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிர்ணயச் சீரத்தை வைத்துத்தான் அளவு திருத்தப்படுகின்றன. ஆனால் ஆன்டிஜென் (ஆன்டிபாடியைப் பிடிக்கக் கிட்டில் வைக்கும் வைரஸ் பொருள்) கிட்டுக்குக் கிட் வேறு, அதில் ஒட்டும் ஆன்டிபாடியும் வேறு. அப்புறம் எண் எப்படி ஒன்றாக வரும்? 200 உள்ளவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. 10-ஐ ஒட்டி இருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார், அதுவும் தடுப்பூசியால் மட்டும் எதிர்ப்பு பெற்றவர்.

ஊதாப்பூ:
அக்கா, அப்படியானால் அந்த 10 எதற்கு? எனக்கு இரண்டு டோஸ் எம்எம்ஆர் (ருபெல்லாவும் சேர்ந்த தடுப்பூசி) பதிவு இருந்தும் ‘சந்தேகம்’ என்றே வந்தது. இம்யூனோபிளாட் (வைரஸின் எந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி உண்டு என்று கோடாகக் காட்டும் டெஸ்ட்) எடுத்ததும் ருபெல்லா வைரஸின் ஈ1 புரதத்துக்கு நேராகக் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

லேப் அக்கா:
முன்பு 15 வைத்திருந்தார்கள், 1990-களில் 10 ஆக இறக்கினார்கள். மனிதர்கள் வைத்த கோடு. அதற்குக் கீழே போனாலே பாதுகாப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை.

கீற்று:
எனக்குக் கர்ப்பத்தின் 9-வது வாரத்தில் ஐஜிஎம் (புதுத் தொற்றில் முதலில் வரும் ஆன்டிபாடி) பாசிட்டிவ். ஐஜிஜியின் அவிடிட்டி (எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்ற அளவு) அதிகமாக வந்ததால் பழைய எதிர்ப்புதான் என்று தெரிந்தது. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐஜிஎம் ஒன்றை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், பார்வோ என்ற வேறொரு வைரஸ் தொற்று இருந்தாலும் அது பொய்யாகக் காட்டும். சந்தேகம் வந்தால் முதல் மாதிரியை எறியாமல் வைக்கச் சொல்லி, இரண்டாவதையும் அதோடு ஒரே மெஷினில் ஒரே நாளில் ஓட்டச் சொல்லுங்கள். வெவ்வேறு லேப் எண்களை ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. மழைத்துளி, கர்ப்பம் இல்லை என்றால் டாக்டரிடம் கேட்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தாலும் கெடுதல் இல்லை. உயிருள்ள வைரஸ் ஊசி, அதனால் போட்டபின் 28 நாள் கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழைத்துளி:
என்னிடம் தடுப்பூசி அட்டையே இல்லை. சரி, திங்கட்கிழமை போய்ப் போட்டுக்கொள்கிறேன்.