பாலு மகேந்திரா டிவிக்கு வந்தது இறக்கமா?

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். ஆறு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, டிவிக்கு அரை மணி நேரக் கதைகள் எடுக்கிறோம், கேமராவுக்கு வருகிறாயா என்று கேட்டார். கூட வேலை செய்கிற அண்ணன், 'டிவிக்குப் போனால் அங்கேயே நின்றுவிடுவாய்' என்கிறார். எனக்குப் பாலு மகேந்திரா என்றால் உயிர். அவரும் 'மூன்றாம் பிறை' எடுத்த பிறகுதானே டிவிக்குக் கதை எடுத்தார்? அது இறக்கம்தானா? அப்போதே பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் ஸ்டூடியோ:
தம்பி, நான் பார்த்தவன். 2000 வாக்கில் சன் டிவியில் 'கதை நேரம்' வந்தது, மொத்தம் 52 சிறுகதைகள். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஓடிவந்து கேசட்டில் பதிவு செய்வேன். இங்கே காற்றடித்தால் கரண்ட் போய்விடும். அப்படிப் பாதியில் அறுந்த கதைகளையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஒரு அறை, இரண்டு பேர், ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் வெளிச்சம் விழும், மறு கன்னத்தை இருட்டிலேயே விட்டிருப்பார். நாமாக இருந்தால் லைட் போட்டு நிரப்பியிருப்போம். அதைப் பார்த்த பிறகுதான் ஒரு கல்யாணத்தில், பெண்ணுக்கு அலங்காரம் நடந்த அறையில் வீடியோ லைட்டை அணைத்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுத் திரும்பி முகத்தில் விழ, ஜன்னலுக்கு எதிரே உதவியாளனைத் தெர்மக்கோல் அட்டை பிடிக்க வைத்தேன். பெண்ணின் அம்மா, 'என்னப்பா, இருட்டில் எடுக்கிறாய்' என்று சத்தம் போட்டார். ஆல்பத்துக்கு அவர் முதலில் எடுத்து வைத்தது அந்தப் படத்தைத்தான்.

இறக்கம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். முதலில் இயக்கியது 1977இல், கன்னடத்தில், 'கோகிலா'. இயக்குநரான பிறகும் இன்னொரு இயக்குநரான மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்குக் கேமரா பிடித்தார். 'மூன்றாம் பிறை' ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியவர், 1988இல் 'வீடு' எடுத்தார். ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. பாட்டே கிடையாது. அந்தச் சிக்கனம்தான் 'கதை நேர'த்திலும். அப்புறம் 2013இல் 'தலைமுறைகள்' எடுத்து, தாத்தாவாக அவரே நடித்தார். டிவியில் நின்றுவிட்டாரா என்ன?

கேத்தி மணி:
'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி எங்கள் கேத்தி ரயில்வே ஸ்டேஷனில் எடுத்தது. இன்றும் வருகிறவர்கள் கமல் ஓடிய இடம் எது என்று கேட்டு பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். தம்பி, மழை நாளில் மூன்று மணிக்கு மேல் ஒருமுறை வந்து நில்லுங்கள். கேரட் தோட்டத்திலிருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறிவரும். நிழலே விழாது, ஆனால் எதிரில் நிற்கிற ஆளின் முகத்தில் ஒவ்வொரு கோடும் தெரியும். அந்த வெளிச்சத்தை நம்பிப் படம் எடுத்த மனிதர் அவர்.

இன்னொன்று. வேலைக்குப் போகும் முன் எத்தனை நாள், சம்பளம் எவ்வளவு, கேமரா யாருடையது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விளம்பரப் படத்துக்கு ஜீப் ஓட்டிய காசு எனக்கு இன்னும் வரவில்லை.

கோத்தகிரிக்காரன்:
நன்றி அண்ணா, எழுதி வாங்கிக்கொண்டே போகிறேன். ஸ்டூடியோ அண்ணா, அந்தக் கேசட்டுகள் இப்போதும் ஓடுமா? ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

குன்னூர் ஸ்டூடியோ:
சிலதில் கோடு விழுகிறது, பாதிக்கு மேல் நன்றாகவே ஓடும். முகூர்த்த நாள் இல்லை, வா. பெட்ஃபோர்டில் இறங்கிப் போன் பண்ணு.